ஆசிரியர் கண்ணில் படாத கொடுமை

திருப்பிக் கேட்க முடியாத ஒரு மாணவரை வேண்டுமென்றே, திரும்பத் திரும்பத் துன்புறுத்துவதே புல்லியிங். நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து நிலைபெற்ற வரையறை இது. இதில் ஆசிரியருக்குக் கண்ணெதிரே தெரிவது ஒரு தள்ளல், ஒரு பட்டப்பெயர், அவ்வளவுதான். அந்த மாதத்தில் அது எத்தனையாவது தடவை என்பது தள்ளப்பட்ட பிள்ளைக்குத்தான் தெரியும். அதனால்தான் ஆசிரியர் "விளையாட்டு" என்று கடந்துபோவதை மாணவர் தினசரி வதையாக அனுபவிக்கிறார்.

இந்த இடைவெளி அளந்து பார்க்கப்பட்டதுதான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் பள்ளிகளைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையேனும் துன்புறுத்தப்பட்டதாக ஏறத்தாழ பாதி மாணவர்கள் கூறினர். பள்ளிப் பணியாளர்களில் பெரும்பாலோர் போட்ட கணக்கோ 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்கள் தலையிட்டவை நூற்றுக்கு நான்கு நிகழ்வுகளே. பல நிகழ்வுகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. இதை ஆசிரியர்களின் அக்கறையின்மை என்று சொல்லிவிட முடியாது. படிக்கட்டு, கழிப்பறை, பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கை என்று கொடுமை நடக்கும் இடங்களில் பெரும்பாலும் ஆசிரியர் இருப்பதில்லை.

கண்முன் நடந்தும் கணக்கில் வராத வகை ஒன்று உண்டு. அடிதடி என்றால் உடனே தலையிடும் ஆசிரியர்கள், ஒதுக்கிவைப்பதை அந்த அளவுக்குக் கடுமையாக எடுத்துக்கொள்வதில்லை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. "எங்க குரூப்ல இடமில்லை மிஸ்" என்று பணிவாகச் சொல்லப்படும் பதில் ஒழுங்கு மீறலாகத் தெரியாது. ஆண்டு முழுக்க அதே பிள்ளைக்கே அந்தப் பதில் கிடைத்தால் அது வதைதான். புகார் சொல்ல வரும் பிள்ளையிடம் "நீ ஏன் அவங்ககிட்ட போறே?" என்று கேட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது. புகார் வராத வகுப்பு அமைதியான வகுப்பாகத் தோன்றும். ஆசிரியரின் தவறான மதிப்பீடு அதனால் இன்னும் உறுதிப்படும்.

தமிழ்நாட்டில் இதற்குச் சாதி என்னும் முகமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். பிடிபட்டவர்களில் அவருடைய பள்ளி மாணவர்களும் இருந்தனர். அதற்குமுன் அவர் பள்ளியில் தொடர்ந்து சீண்டப்பட்டிருந்தார். இதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளில் அடங்கும். மணிக்கட்டில் கிடக்கும் கயிற்றை ஆசிரியர் கோயில் கயிறு என்று நினைக்கலாம். அது எந்தச் சாதியின் நிறம் என்பது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எனவே வகுப்பின் நிலையை ஆசிரியரின் பார்வையை மட்டும் நம்பி முடிவு செய்வது சரியாகாது. பருவத்துக்கு ஒரு முறையாவது, பெயர் எழுதாத தாளில் மாணவர்களிடமே கேட்டறிய வேண்டும். கொடுமை தெரியவந்ததும், துன்புறுத்தியவரையும் துன்பப்பட்டவரையும் ஒன்றாக நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே கைவிட வேண்டும். இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேச வேண்டும்.