தோட்ட விளக்குக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ். வேண்டாமே!

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். திருச்சியில் நண்பர்கள் பலர் சொல்லும் யோசனை இது: "எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் வருகிறதே, கொல்லைப்புறத்தில் எல்.இ.டி. விளக்கு போட்டுவிடலாம்." பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் அது ஓடும், மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் கிடைக்கும். எல்லாம் சரிதான். ஆனாலும் தோட்டத்துக்கு அது கூடாது என்பதே என் கருத்து.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது, அதற்கும் 230 வோல்ட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லாதவரைதான் உண்மை. இதற்கான டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுற்றுகள் தனித்தனியே இருக்கும். மின்சக்தி காந்தப்புலம் வழியாகத்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இந்தப் பிரிப்பு உண்டு. ஆனால் அதன் கறுப்பு ஒயர் உலோகப் பெட்டியோடும், பெட்டி வீட்டு எர்த்தோடும் இணைந்திருக்கும். எர்த் சரியில்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதே 'சுருக்' விளக்குக் கம்பி வழியே தோட்டத்துக்கும் போகும். ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளில், மார்கழி விடியலில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பது உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

எனவே 'ஐசொலேட்டிங்' வகை டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்குங்கள். ஐ.இ.சி. 61558 என்ற தர எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெபிலைசரில் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அதில் பிரிப்பே இல்லை. விளக்கு 12 வோல்ட் ஏசியா, டிசியா என்பதையும் பார்க்க வேண்டும். டிசி விளக்கு என்றால் 'எஸ்.இ.எல்.வி.' என்று குறிப்பிட்ட எல்.இ.டி. டிரைவர் வேண்டும். 5 வாட் விளக்கு ஆறு என்றால் 30 வாட். டிரான்ஸ்பார்மர் 60 வி.ஏ. இருந்தால் சூடாகாமல் வேலை செய்யும்.

பலரும் ஏமாறுவது ஒயரில்தான். அதே 30 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.13 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஓட வேண்டும். 20 மீட்டர் தள்ளி விளக்குகள் இருந்தால், போக வர 40 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரில் சுமார் 1.8 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், விளக்கு மங்கும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.7 வோல்ட்தான். டிரான்ஸ்பார்மரை விளக்குகளுக்கு நடுவாக வைத்து இரு பக்கமும் ஒயர் இழுத்தால் இன்னும் குறையும். 12 வோல்ட் பக்கம் ஒரு ஃபியூஸ் அவசியம். ஷாக் அடிக்காத மின்சாரம்கூட ஷார்ட் ஆனால் ஒயரை எரிக்கும்.

"கரண்ட் போனாலும் விளக்கு எரியட்டும்" என்று கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இதைச் செருகுபவர்களும் உண்டு. இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சிறிய யு.பி.எஸ். 'ஓவர்லோட்' என்று அணைந்தால், நீங்கள் சேமிக்காத ஃபைல் போயிற்று. அதற்கு ஒரு சோலார் விளக்கே மேல்.

டிரான்ஸ்பார்மரைத் தரையோடு வைக்காதீர்கள். 2005 நவம்பரில் திருச்சிக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். சுவரில் நெஞ்சு உயரத்தில், சன்ஷேடுக்குக் கீழே பொருத்துங்கள். 230 வோல்ட் பக்கத்து வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், அவரிடம் ஈ.எல்.சி.பி. போடச் சொல்லி, 'டெஸ்ட்' பட்டனை உங்கள் முன்பே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.