ஊர் கூடினால் சிறார் காப்பு

ஒரு குடியிருப்பை எண்ணிப் பார்ப்போம். அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி திடீரென வகுப்பில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். ஆசிரியர் அதைக் கவனிக்கிறார். தேவார வகுப்புக்கு அவள் வருவது நின்றுவிடுகிறது. ஆலயத் தலைவர் அதை அறிகிறார். அவள் கையிலுள்ள காயத்தை மளிகைக் கடைக்காரர் பார்க்கிறார். பின்னிரவில் அழுகுரல் அண்டை வீட்டாருக்குக் கேட்கிறது. நால்வருக்கும் ஐயம் எழுகிறது. ஆயினும், ‘அது அவர்கள் குடும்ப விஷயம்’ என்று நால்வரும் வாய் மூடி இருக்கின்றனர். அந்த நான்கு தகவல்களும் ஒரு சமூகநல அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தால், அச்சிறுமிக்கு எப்போதோ உதவி கிடைத்திருக்கும்.

சிறார் துன்புறுத்தல் பெரும்பாலும் மறைவிலேயே நிகழ்கிறது. துன்புறுத்துபவர் பல வேளைகளில் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவராகவே இருக்கிறார். எனவே, பிள்ளை சொல்ல அஞ்சுகிறது. பள்ளி வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிப் படிப்பைப் பாழாக்குவதும், இணையத்தில் நட்பாகப் பேசி ஏமாற்றுவதும் சுரண்டலின் வேறு முகங்கள்.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவருக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. மருத்துவர், குடும்பத்தார், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோர் துன்புறுத்தல் நடந்ததாக நம்பத் தக்க காரணம் இருந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ‘தாலியான் காசே’ எனும் 15999 உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஆனால், யாரேனும் ஒருவர் அந்த எண்ணை அழைத்தால்தானே சட்டம் கண் திறக்கும்?

இங்கேதான் சமூகத் தலைவர்களின் ஒற்றுமை தேவைப்படுகிறது. ஆலயம், பள்ளிவாசல், தேவாலயம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஐயம் எழுந்த அன்றே புகார் செய்வது. புகார் செய்தவரை மிரட்டவோ ஒதுக்கவோ விடாமல் காப்பது. பிள்ளையின் பெயர் ஊர்வாயில் விழாமல் பார்த்துக்கொள்வது. பிள்ளைகளோடு பழகும் தொண்டூழியர்களின் பின்னணியை முன்னரே அறிந்துகொள்வது. இவை நான்கும் பொது விதியானால், தனியொருவர் தயங்க வேண்டியதில்லை.

‘ஊர் மானம் போய்விடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று சிலர் கூறுவர். குடும்பச் சண்டையைப் பேசித் தீர்க்கலாம். குற்றத்தை அப்படித் தீர்க்க முடியாது. பேசி முடித்ததும் பெரியவர்கள் வீடு திரும்புவர். பிள்ளையோ அதே வீட்டில், அதே அச்சத்தோடு இருக்கும். விசாரிப்பது காவல் துறையின் கடமை. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. தெரிவிப்பதே தலைவர்களின் கடமை. குற்றம் சாட்டப்பட்டவர் தலைவர்களுள் ஒருவரானாலும் இதில் மாற்றமில்லை. குற்றத்தை மறைப்பதற்காகக் கூடும் கூட்டம் ஒற்றுமை ஆகாது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தைப் பிடிக்கப் பல கைகள் முன்வரும் ஊரில், துன்பப்படும் பிள்ளையும் துணிந்து வாய் திறக்கும்.