நூலுக்குப் பெயர் வேண்டாமா?



படவேட்டில் எங்கள் வீட்டில் கிண்டில் ஒன்று உண்டு. அக்காள் அதில் இருநூறுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களை ஏற்றி வைத்திருக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு முதல்நாள், ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ படிக்கக் கேட்டாள். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவல் அல்லவா! தேடினோம், தேடினோம். பாதி நூல்கள் வெறும் எண்களாகவே நின்றன. அவள் வெறுங்கையோடு பேருந்து ஏறினாள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை உழைத்துத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். அவ்வுழைப்பு நம் கையில் பெயரற்றுக் கிடக்கலாமா?

கருவியில் ஏற்றுமுன்பே பெயரைத் திருத்திவிட வேண்டும் என்பேன். கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நூலுக்குள் பதிந்துள்ள தலைப்பையும் ஆசிரியர் பெயரையுமே கருவி காட்டும். காலிபர் என்னும் இலவச மென்பொருளில் அவற்றை மாற்றலாம். ஆனால் அது மேனாட்டு வழக்கப்படி பெயரின் கடைசிச் சொல்லை முன்னிறுத்தி அடுக்கும். உ. வே. சாமிநாத ஐயர் ‘ஐ’ வரிசைக்குப் போய்விடுவார்! ‘உ’வில் தேடுகிறவள் என்ன செய்வாள்? அதையும் கையால் திருத்தத்தான் வேண்டும்.

சலிப்பான வேலைதான். வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒரு விதியாக 1931இல் நூலகங்களுக்கு வகுத்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவர் அடுக்கியவை எத்தனை ஆயிரம்!

சென்ற ஞாயிறன்று நானும் அக்காளும் நாற்பது நூல்களை முடித்தோம். முப்பத்தேழாவதாகப் பிரதாப முதலியார் அகப்பட்டார். தோழி மலையிறங்கி வரட்டும்.