ஜூலியட் கேட்ட கேள்விகள்



சென்ற மாதம் ஸ்காபரோவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து, நடுவே கோடு இழுத்து, ஒரு பக்கம் ரோமியோ, மறுபக்கம் ஜூலியட் என்று எழுதி வைத்திருந்தாள். இருவருடைய குணங்களையும் ஒப்பிட்டு மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டுமாம். ரோமியோவின் பக்கம் நிறைந்து வழிந்தது: அவசரக்காரன், சண்டைக்காரன், அழுமூஞ்சி, கவிஞன். ஜூலியட்டின் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'சின்னப் பிள்ளை'.

அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்த தாய் அங்கிருந்தே சொன்னார்: "இரண்டும் விசர் பிடிச்சதுகள். அஞ்சு நாளிலை காதலிச்சு, கலியாணமும் முடிச்சு, செத்தும் போச்சுதுகள். இதிலை ஒப்பிட என்ன கிடக்கு?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடக் காலத்தில் படித்த நாடகத்தை மறுபடியும் எடுத்தேன். இரண்டு இரவுகள் போயின. இந்த மாதப் பக்கத்தை அந்தப் பிள்ளைக்கும் அவளுடைய தாய்க்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜூலியட் சின்னப் பிள்ளை என்பது உண்மை. பதினான்கு வயது நிறைய இன்னும் இரண்டு வாரமும் சில நாட்களும் இருக்கின்றன. ஆர்தர் புரூக் என்பவர் 1562-இல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு நெடுங்கவிதையை வைத்துக்கொண்டுதான் ஷேக்ஸ்பியர் 1595 அளவில் இந்த நாடகத்தை எழுதினார். புரூக்கின் ஜூலியட்டுக்குப் பதினாறு வயது. அங்கே கதை மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் பெண்ணின் வயதையும் குறைத்தார், காலத்தையும் குறுக்கினார். ஞாயிறு காலை தொடங்குகிற கதை வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் புத்தியில் அவர் கைவைக்கவில்லை. நாடகம் முழுவதிலும் நிதானமாக யோசிக்கிற ஆள் யார் என்று தேடினால் அவளிடம்தான் வந்து நிற்கிறோம்.

தோட்டக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் அதை 'பால்கனிக் காட்சி' என்கிறது. நாடகத்தில் அந்தச் சொல்லே கிடையாது, மேலே ஒரு ஜன்னல்தான். ரோமியோ மதிலேறிக் குதித்து இருட்டில் நிற்கிறான். திடுக்கிட்ட ஜூலியட், குரலை வைத்து அவன்தான் என்று கண்டுபிடித்ததும் கேள்விகளாகக் கேட்கிறாள். எப்படி வந்தாய்? மதில் உயரமாயிற்றே, எப்படி ஏறினாய்? என் சொந்தக்காரர் கண்டால் கொன்றுவிடுவார்களே? யார் உனக்கு வழி சொன்னது? அவன் ஒன்றுக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை. காதலின் சிறகில் வந்தேன், காதலே வழி காட்டியது என்று கவிதையாகப் பொழிகிறான். நிலவின் மேல் ஆணையிடப் போனவனை அவள் தடுக்கிறாள். மாதாமாதம் தேய்ந்து வளர்கிற ஒன்றின் மேல் ஆணை எதற்கு என்கிறாள். எல்லாம் மின்னல் வேகத்தில் நடக்கிறதே என்று முதலில் பயப்படுபவளும் அவள்தான்.

அதன் பிறகு கலியாணப் பேச்சை எடுப்பதும் அவள்தான். உன் எண்ணம் கலியாணம் என்றால் எங்கே, எந்த நேரம் என்று என் ஆளிடம் சொல்லியனுப்பு என்கிறாள். உள்ளே போனவள் திரும்பி வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு ஆள் அனுப்ப என்று கேட்கிறாள். ஒன்பது மணி என்று அவன் வாயால் வந்த பிறகே விடுகிறாள். அந்த 'எத்தனை மணிக்கு' என்ற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் வீடுகளில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் முன்னின்று நடத்துகிற பெண்களின் குரல் அது.

ரோமியோவை நாங்கள் தமிழில் ஒரு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். தெருவில் பெண்களைச் சீண்டுகிறவனுக்கு அவனுடைய பெயர். அவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டியதில்லை. நாடகம் தொடங்கும்போது அவன் ரோசலைன் என்ற வேறொரு பெண்ணுக்காக உருகிக்கொண்டிருக்கிறான் என்பது உண்மை. பகலில் ஜன்னலை மூடி இரவாக்கிக்கொண்டு கிடக்கிறான் என்று பெற்ற தகப்பனே கவலைப்படுகிறார். ஆனால் அந்த ஊரில் குரோதம் இல்லாத மனசு அவனுடையது. ஜூலியட்டின் மச்சான் டிபால்ட் வலியச் சண்டைக்கு அழைக்கும்போது அவன் வாளை உருவாமல் சமாதானம் பேசுகிறான். நண்பன் மெர்க்கூஷியோ தன் கைக்கடியிலேயே குத்துப்பட்டுச் சாகும் வரைக்கும் பொறுக்கிறான். அதற்குப் பிறகுதான் அவன் கை எழுகிறது.

டிபால்ட் கொலையுண்ட பிறகு ரோமியோவும் ஜூலியட்டும் வெவ்வேறு இடங்களில் அதே துயரத்தைச் சந்திக்கிறார்கள். ஒப்பிட ஓர் இடம் வேண்டும் என்றால் பிள்ளைகள் இங்கே நிற்க வேண்டும். நாடு கடத்தப்பட்டான் என்ற தீர்ப்பைக் கேட்ட ரோமியோ, இருவருக்கும் இரகசியமாகக் கலியாணம் செய்துவைத்த பாதிரியாரின் அறையில் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். கத்தியை எடுத்துத் தன்னையே குத்திக்கொள்ளப் போகிறான். ஜூலியட்டும் முதலில் கொதிக்கிறாள், கணவனைத் திட்டுகிறாள். வளர்த்த தாதி சேர்ந்து திட்டத் தொடங்கியதும் சட்டென்று நின்று, தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறாள்: என் மச்சானை ஏன் கொன்றான்? கொல்லாவிட்டால் மச்சான் என் கணவனைக் கொன்றிருப்பான். அழுதுகொண்டே கணக்குப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறாள். பதின்மூன்று வயதில்!

தகப்பன் பாரிஸ் என்ற பிரபுவுக்கு அவளைக் கட்டிவைக்க நாள் குறிக்கிறார். மாட்டேன் என்றதும், தெருவில் கிடந்து சாவு, என் மகளே இல்லை என்கிறார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். இரகசியக் கலியாணத்துக்குத் தூது போன தாதிகூட, பாரிஸ் நல்ல மாப்பிள்ளைதானே, அவனையே கட்டிக்கொள் என்கிறாள். அந்த நொடியில் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒருவரும் இல்லாமல் போகிறார்கள். இனி இவளிடம் மனசைத் திறப்பதில்லை என்று தீர்மானித்து, தாதியிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிடுகிறாள்.

பாதிரியார் கொடுத்த மருந்தைக் குடித்தால் நாற்பத்திரண்டு மணி நேரம் செத்தவள் போலக் கிடக்கலாம். குடிப்பதற்கு முன் அவள் தனியாக யோசிப்பதைப் படித்துப் பாருங்கள். மருந்து வேலை செய்யாவிட்டால்? பக்கத்தில் கத்தியை வைத்துக்கொள்கிறாள். இது நஞ்சாக இருந்தால்? நேரத்துக்கு முன்னே கண் விழித்து, காற்றில்லாத கல்லறையில் மூச்சு முட்டினால்? அத்தனை பயத்தையும் கண்ணால் பார்த்துவிட்டுக் குடிக்கிறாள். துணிச்சல் என்று நாங்கள் சொல்கிறோமே, அது இதுதான்.

ரோமியோவுக்கு ஜூலியட்டின் மரணச் செய்தி வந்த இடத்தில் அவன் ஒரே ஒரு நல்ல கேள்வி கேட்கிறான்: பாதிரியாரிடமிருந்து கடிதம் உண்டா? இல்லை என்கிறான் வேலையாள். இன்னொரு நாள் பொறுப்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாற்பது பொற்காசுக்கு நஞ்சு வாங்கிக்கொண்டு அன்றிரவே கிளம்புகிறான். கடிதம் இருந்தது, வழியில் நின்றுவிட்டது. கொண்டுபோன துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள். 2003-இல் சார்ஸ், அதன்பின் கொரோனா என்று இரண்டு முறை தனிமைப்படுத்தலைக் கண்ட இந்த நகரத்தில் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கும் தேவையில்லை. வராத கடிதம் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று அறிந்தவர்கள் நாங்கள்.

கல்லறையில் ஜூலியட்டின் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று ரோமியோ வாய்விட்டுச் சொல்கிறான். கண் பார்த்துவிட்டது. ஏன் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. அந்த இடத்தில் ஜூலியட் நின்றிருந்தால் கேட்டிருப்பாள் என்பது என் முடிவு. அவள் சரியான நேரத்துக்குத்தான் கண் விழித்தாள்.

எங்களிடமும் இப்படி ஒரு சோடி உண்டு. அம்பிகாபதியும் அமராவதியும். கம்பரின் மகன், சோழனின் மகள். சரித்திரச் சான்று இல்லாத கர்ணபரம்பரைக் கதைதான். 1937-இல் பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும் நடித்து 'அம்பிகாபதி' படமாக வந்தபோது, அதை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவரும் வசனம் எழுதிய இளங்கோவனும் காதல் காட்சிகளுக்கு ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தையே முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். 1957-இல் சிவாஜியும் பானுமதியும் நடித்து மறுபடியும் வந்தது. எங்கள் தாய்மார் பலருக்கு அந்தக் கதை தெரியும்: காமம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் அமராவதி உனக்கு, தவறினால் தலை போகும் என்றான் அரசன். திரைக்குப் பின்னால் இருந்து எண்ணியவள் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டாள். நூறு முடிந்தது என்று ஆவலோடு தலை நீட்டினாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவள் மேலேயே பாடிவிட்டான்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோதெல்லாம், கணக்குத் தெரியாத பெண்ணால் ஒரு கவிஞன் செத்தான் என்றே சொன்னார்கள். இப்போது எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பாடியவன் அவன், எண்ணியவள் அவள். தன் தலையைப் பணயம் வைத்தவன் தன் பாட்டைத் தானே எண்ணவில்லை. அரண்மனை விருந்தில் அவள் உணவு பரிமாற வந்தபோதே வாய் தவறிப் பாடி, தகப்பன் சமாளித்ததால் உயிர் தப்பியவன். இரண்டாம் முறையும் நாக்கை அடக்கவில்லை. அவனும் ரோமியோவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அமராவதியோ ஜூலியட்டின் தங்கை. அவளைப் போலவே பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டாள், அன்பின் அவசரத்தில் ஒன்றைத் தவறவிட்டாள்.

இந்த நாடகம் வேற்றார் பாடம் என்று ஒதுக்கவும் வழியில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926-இல் 'மதங்க சூளாமணி' எழுதியபோது ஷேக்ஸ்பியருக்குச் 'செகசிற்பியார்' என்று பெயரிட்டு, அவருடைய பன்னிரண்டு நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். இதுவும் அவற்றில் ஒன்று.

இனிப் புட்டு அவித்த சகோதரியிடம் ஒரு வார்த்தை. நாடகம் நடக்கும் வெரோனாவில் ரோமியோ, ஜூலியட் இருவருடைய குடும்பங்களுக்கும் இடையில் என்ன பகை என்று நாடகம் கடைசி வரை சொல்வதில்லை. அங்கே காரணம் மறந்து போய்விட்டது. எங்கள் வீடுகளில் மறக்கவில்லை, வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். பிள்ளை ஒரு பெயரைச் சொன்னதும் "எந்த ஊர்?" என்கிறோம். ஊரைச் சொன்னால் "ஊரிலை எந்தப் பக்கம்?" என்கிறோம், அடுத்து எந்தக் கோயிலடி என்கிறோம். சாதி என்ற சொல்லை எடுக்காமலேயே முழு விசாரணையும் முடிந்துவிடும். மார்க்கத்திலும் பிரம்டனிலும் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்விகளின் பொருள் விளங்காது என்று நினைக்கிறோம். நன்றாக விளங்குகிறது. விளங்கிய நாளிலிருந்து அவர்களும் ஜூலியட் தாதியிடம் சிரித்த மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார்கள். இதை எழுதும்போது என் நெஞ்சு கனக்கிறது. நானும் ஒருகாலம் அந்தக் கேள்விகளைக் கேட்டவன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒன்றாரியோவில் பல பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இந்த நாடகத்தைப் படிப்பிக்கிறார்கள். பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வரும்போது பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு அம்பிகாபதி கதையை நீங்கள் சொல்லுங்கள். வசதி உள்ளவர்கள் கோடையில் ஹை பார்க்குக்குப் போகலாம். 1983-இல் தொடங்கி அங்கே திறந்தவெளியில் ஷேக்ஸ்பியர் நாடகம் போடுகிறார்கள், புல்லில் பாய் விரித்துப் பார்க்கலாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் 1953-இல் தொடங்கிய நாடக விழாவும் இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான்.

பிறகு எங்களுக்கு எழுதுங்கள். இந்த நால்வரில் உங்கள் மனசுக்கு நெருக்கமானவர் யார், ஏன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். பிள்ளைகளின் கடிதங்களுக்கு அடுத்த இதழில் முதல் இடம் தருவோம்.

அன்புடன்,
ஆசிரியர்