கொட்டிலுக்குள் கிருமி வந்த வழி

மாரிகாலத்தில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஆட்டுக் கொட்டில்களின் தரை சேறாகிவிடுகின்றது. அப்போது ஓர் ஆடு காய்ச்சலுற்று மடியுமாயின், சேற்றின்மேற் பழியைச் சுமத்திவிட்டு அமைதியடைகின்றோம். அத்தீர்ப்பு எப்போதும் சரியாகுமா என்பதை நாம் சற்றே ஆராய்தல் நன்று.

சேறு குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. மெலியோய்டோசிஸ் என்னும் நோயை விளைக்கும் பற்றீரியா ஈரமண்ணில் வாழ்வது. 1911ஆம் ஆண்டில் ரங்கூன் நகரில் விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் இருவர் அந்நோயை இனங்கண்டனர். 1927ஆம் ஆண்டில் இலங்கையிலும் அது பதிவாயிற்று. புண்வழியாகவும் மூச்சுவழியாகவும் உடலுட் புகும் அக்கிருமி மனிதரையும் கொல்லவல்லது. ஆடுகளையோ எளிதில் வீழ்த்திவிடும்.

எனினும், 2014ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். ருலேன் பல்கலைக்கழகத்தின் குரங்கின ஆராய்ச்சி நிலையத்தில், வெளிக்கூடுகளில் வளர்ந்த இரண்டு செம்முகக் குரங்குகள் இதே நோய்க்கு ஆளாயின. அவை இக்கிருமி பற்றிய பரிசோதனைக்கு உட்பட்டவை அல்ல. அங்கேயும் ஐயம் முதலில் மண்ணின்மேல் எழுவது இயல்பே. ஆனால் சுற்றுப்புற மண்ணையும் நீரையும் சோதித்தபோது கிருமி அகப்படவில்லை. குரங்குகளின் உடலிலிருந்த கிருமியின் மரபணுவை ஒப்புநோக்கியபோதுதான் உண்மை புலப்பட்டது. 1993ஆம் ஆண்டில் தாய்லாந்து நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு, அந்நிலையத்தின் ஆய்வுகூடத்திலேயே வளர்க்கப்பட்ட கிருமிதான் அது!

பூட்டிய கூடத்திலிருந்து அது வெளியேறியது எங்ஙனம்? பணியாளர் பாதுகாப்பு உடையை முறைப்படி அணியாமையால், அவர்தம் ஆடைகளில் ஒட்டிச் சென்றிருக்கலாம் என்பதே ஆராய்ந்தோர் முடிபு. நோய் தீர்க்கவேண்டிய விலங்கு மருத்துவக் கூடத்திலேயே அது குரங்குகளைப் பற்றியிருக்கவும் கூடும். அவ்விரு குரங்குகளும் கருணைக்கொலை செய்யப்பட்டன. 2015ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நிலையத்தின் அபாயக் கிருமி ஆய்வுகள் இடைநிறுத்தப்பட்டன.

நம் ஊரில் மண்ணே காரணமாக இருக்கலாம். தண்ணீர்த் தொட்டியோ, புதிதாக வாங்கிவந்த ஆடோ, பேணுவோரின் காலணியோ காரணமாகவும் இருக்கலாம். காரணத்தை அறியாமல் கொட்டிலை மட்டும் கழுவினால் அடுத்த ஆடும் மடியும். ஆகவே இறந்த ஆட்டை உடனே புதைத்துவிடாது, எவரும் அதனை அறுக்கவும் விடாது, கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். நலமுள்ள ஆடுகளை முதலிலும் நோயுற்றவற்றை இறுதியிலும் பேணுக. கொட்டிலுக்கெனத் தனிக் காலணி வைத்துக்கொள்க. கையிலோ காலிலோ புண்ணுள்ள சிறுவரைச் சேற்றில் இறங்க விடாதீர்கள்.