இ-ஸ்கூட்டர் சார்ஜ் சதவீதம் திடீரெனக் குதிப்பது ஏன்? - சிப்புக்குள் ஒளிந்திருக்கும் ‘ஆஃப்செட்’ பிழை

ராத்திரி நிறுத்தும்போது 46% காட்டிய மின்சார ஸ்கூட்டர், காலையில் 31% என்கிறது. இன்னொரு நாள், 18% இருக்கே என்று நம்பிக் கிளம்பினால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ‘பேட்டரி போச்சு’ என்ற முடிவுக்குத்தான் உடனே வருவோம். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பேட்டரி நன்றாக இருந்து, அதை அளக்கும் சர்க்யூட் மட்டும் தப்புக்கணக்கு போடும் வாய்ப்பும் உண்டு. இரண்டுக்குமான செலவு மலைக்கும் மடுவுக்கும்!

அளப்பது எப்படி?

பெட்ரோல் டேங்க்கில் மிதவை இருப்பதுபோல பேட்டரிக்குள் எதுவும் கிடையாது. உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் கணக்கிடப்படுகிறது. மின்னோட்டம் செல்லும் பாதையில் ‘ஷன்ட்’ எனப்படும் மிகச் சிறிய மின்தடை இருக்கும். அதன் இரு முனைகளுக்கு இடையே உருவாகும் வோல்டேஜை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்க, அனலாக்-டிஜிட்டல் மாற்றி அதை எண்ணாக மாற்றும்.

அந்த வோல்டேஜ் ரொம்பவே சின்னது. உதாரணத்துக்கு 0.2 மில்லிஓம் ஷன்ட் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் 100 ஆம்பியர் பாய்ந்தாலும் கிடைப்பது 20 மில்லிவோல்ட்தான். ஷன்ட்டைப் பெரிதாக்கலாமே என்றால், 10 மடங்கு பெரிதாக்கினால் வீணாகும் வெப்பமும் 2 வாட்டிலிருந்து 20 வாட்டாக ஏறிவிடும்.

இங்கேதான் ஆஃப்செட் நுழைகிறது. உள்ளே எதுவும் வராதபோதும் சர்க்யூட் ‘ஏதோ வருகிறது’ என்று காட்டும் அளவுதான் ஆஃப்செட். ஆம்ப்ளிஃபயரின் வாசலில் ஜோடியாக இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அச்சு அசல் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதே முக்கியக் காரணம். எந்தத் திருத்தமும் செய்யாத சிமாஸ் ஆம்ப்ளிஃபயரில் இது சில மில்லிவோல்ட் வரை போகும். நம் உதாரணத்தில் 1 மில்லிவோல்ட் என்பதே 5 ஆம்பியர். ஓடாத வண்டியில் ஓடும் பொய் மின்னோட்டம்!

அதை 10 மைக்ரோவோல்ட்டுக்குக் குறைத்தால்கூட 50 மில்லிஆம்பியர் மிச்சம் நிற்கும். அற்பம்தானே? ஆனால் கணக்கு நிற்காமல் கூட்டப்படுகிறது. ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது 2%. இடையில் சரிபார்க்காவிட்டால் பத்தே நாளில் 20% பிசகும்.

கழித்துவிட்டால் போதாதா?

‘தொழிற்சாலையிலேயே அளந்து சாஃப்ட்வேரில் கழித்துவிடலாமே’ என்று தோன்றும். செய்கிறார்கள். ஆனால் ஆஃப்செட் வெப்பநிலையோடு நகரும். குளிரூட்டப்பட்ட அறையில் அளந்த எண், மே மாத வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது. ‘இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பூஜ்ஜியம் என வைத்துக்கொள்’ என்று சொல்லிவிடுவது இன்னொரு குறுக்குவழி. அப்போது ஜிபிஎஸ், அலாரம் உறிஞ்சும் உண்மையான மின்னோட்டமும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும்.

டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினாலும் பிழை குறையும். ஆனால் 1989-ல் பிலிப்ஸ் ஆய்வாளர் மார்செல் பெல்க்ரோம் குழுவினர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கணக்குப்படி, பிழை பாதியாக வேண்டுமென்றால் பரப்பளவு நான்கு மடங்காக வேண்டும். சிப் உலகில் இடம்தான் காசு.

ஆகவே சர்க்யூட்டுக்குள்ளேயே இரண்டு தந்திரங்கள் கையாளப்படுகின்றன. ஒன்று ‘ஆட்டோ-ஜீரோ’. காய்கறிக் கடைக்காரர் காலிப் பாத்திரத்தை வைத்து எலெக்ட்ரானிக் தராசைப் பூஜ்ஜியமாக்குகிறாரே, அதேதான். உள்ளீட்டைக் கணநேரம் துண்டித்து, பிழையை மட்டும் ஒரு கெப்பாசிட்டரில் பிடித்து, அடுத்த அளவீட்டிலிருந்து கழித்துவிடுவது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறைகூட இது நடக்கும். அதனால் வெப்பத்தால் பிழை நகர்ந்தாலும் கூடவே துரத்திப் பிடிக்கும்.

இன்னொன்று ‘சாப்பிங்’. பழைய தட்டுத் தராசில் சந்தேகம் வந்தால் பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா? அதுபோல உள்ளீட்டின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இணைத்து, வெளியீட்டிலும் அதே தாளத்தில் திருப்பிவிடுவது. உண்மையான சிக்னல் அப்படியே இருக்கும். பிழை மட்டும் மேலும் கீழுமாக ஆடும். அந்த ஆட்டத்தை ஃபில்டர் வடிகட்டிவிடும்.

இரண்டும் இலவசமல்ல. ஆட்டோ-ஜீரோவில் இரைச்சல் கூடும். சாப்பிங்கில் சிற்றலை மிஞ்சும். ஒவ்வொரு ஸ்விட்சும் திறந்து மூடும்போது துளி மின்னூட்டத்தைச் சிந்திவிட்டுப் போவதால், சில மைக்ரோவோல்ட் எப்படியும் ஒட்டிக்கொள்ளும்.

இந்தியாவுக்கு என்ன?

3 நானோமீட்டர், 2 நானோமீட்டர் என்றுதான் தலைப்புச் செய்திகள் ஓடுகின்றன. இந்த வகை சிப்களுக்கு அந்தப் பந்தயம் தேவையில்லை. 2024 பிப்ரவரி 29-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த குஜராத் தொலேரா ஆலையின் இலக்கான 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான தொழில்நுட்பத்திலேயே தரமான அளவீட்டு சிப்களைச் செய்யலாம். அதே நாளில் ஒப்புதல் பெற்ற அசாம் ஆலையின் வேலை பேக்கேஜிங்கும் டெஸ்டிங்கும். அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்க முடியாது. சிப்பின் ஆஃப்செட்டை அளந்து திருத்தி எழுதுவதே டெஸ்டிங் கட்டத்தில்தான். சூட்டிலும் குளிரிலும் தனித்தனியாக அளந்தால் துல்லியம் கூடும், செலவும் கூடும். மலிவு சிப்பில் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

எல்எஃப்பி வகை பேட்டரியில் கூடுதல் சிக்கல் உண்டு. சார்ஜ் 30% ஆனாலும் 70% ஆனாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், வோல்டேஜை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பது கடினம். முழு சார்ஜ் ஆகும்போதுதான் ‘இதுதான் 100’ என்று கணக்கு நேராகும். எல்எஃப்பி கார்களை வாரம் ஒருமுறையாவது 100% சார்ஜ் செய்யுங்கள் என டெஸ்லா பரிந்துரைப்பதும் இதற்காகவே.

ஸ்கூட்டரிலும், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால், முழு சார்ஜ் போட்டுப் பார்க்கலாம். அதன் பிறகும் சில நாட்களில் சதவீதம் மறுபடி குதித்தால், புது பேட்டரிக்குத் தலையாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒன்றைக் கேளுங்கள்: வண்டியில் எதுவும் ஓடாதபோது மின்னோட்ட சென்சார் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது?