வான்கோழிக்கு எந்த வில்? 70 பவுண்டு வேண்டாம் என்பது என் கருத்து



பென்சில்வேனியாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வரும் வசந்தகாலத்தில் வில்லோடு வான்கோழி வேட்டைக்குப் போகிறானாம். 13 வயது மகளும் கூட வருகிறாளாம். "சார், 70 பவுண்டு வில் வாங்கலாமா, 60 போதுமா? நீங்கதானே எங்களுக்கு பிசிக்ஸ் எடுத்தீங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். தனியாகப் பதில் அனுப்புவதைவிட இங்கே எழுதினால் அந்தப் பக்கம் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும்.

வாத்தியாருக்கு எதற்கு வேட்டைப் பேச்சு என்று உறவினர்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். எனக்குத் தெரியும். நான் வேட்டையாடியவன் அல்ல. ஆனால் அங்கே நிலைமை வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் காடுகளில் காட்டு வான்கோழி ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. மிச்சமிருந்த இடங்களில் பிடித்து, இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டுத்தான் மீட்டார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு வனவிலங்குக்குச் செலவிடும் சட்டம் 1937இல் வந்தது. பிற்பாடு வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. உரிமம், பயிற்சி வகுப்பு, பருவம் எல்லாம் உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், சிறைதான்.

என் கவலை ஒன்றுதான். எய்வது என்று முடிவு செய்துவிட்டால் பறவை அந்த இடத்திலேயே விழ வேண்டும். அம்பு அரைகுறையாகப் பட்டால் அது அம்போடு பறந்து போய், எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும். அது பாவம். இதில் சட்டம் பேச ஒன்றுமில்லை. எந்த வில் என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

மயிலைப் பார்த்து ஆடப் போனது என்று நாம் கேலி பேசும் பறவை, உண்மையில் கண்ணில் கெட்டிக்காரன். மோப்ப சக்தி சொல்லும்படி இல்லை. ஆனால் தலையை லேசாகத் திருப்பினால் சுற்றிலும் பார்த்துவிடும். சின்ன அசைவு போதும், ஓடிவிடும். பென்சில்வேனியாவில் வசந்த பருவத்தில் பதுங்கிப் பதுங்கிப் பின்தொடர்வதும் கூடாது. ஓரிடத்தில் உட்கார்ந்து, பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, சேவலை வரவழைக்க வேண்டும். அப்படியானால் எய்கிறவன் தரையிலோ குட்டை ஸ்டூலிலோ உட்கார்ந்திருக்கிறான், பறவை 20 கெஜத்தில் நிற்கிறது, அவன் அசையாமல் நாணை இழுக்க வேண்டும். வில்லைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காட்சி போதும்.

70 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 32 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். நின்றபடி இழுப்பதே கஷ்டம். உட்கார்ந்து இழுத்தால் வில்லை வானத்துக்குத் தூக்கி, முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். அதற்குள் சேவல் அடுத்த மாவட்டத்தில் இருக்கும்!

வேகம் வேண்டாமா சார் என்பான். கணக்குப் போடுவோம். 20 கெஜம் என்பது 18 மீட்டர். நாண் விடுபடும் சத்தம் பறவையின் காதுக்குப் போக 0.05 நொடி. நொடிக்கு 220 அடி போகும் அம்பு சேர 0.27 நொடி. 300 அடி போகும் வில்லை வாங்கினாலும் 0.20 நொடி. எப்படியும் சத்தம்தான் முந்துகிறது. இந்த 0.07 நொடிக்காகத் தோளை உடைத்துக்கொள்வதைவிட சத்தம் குறைந்த வில்லாகப் பார்ப்பது மேல். கொஞ்சம் கனமான அம்பு போட்டால் வில் இன்னும் அமைதியாகும். வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கு அம்புக்குப் போய்விடுகிறது, அதிர்வாக வீணாவது குறைகிறது. ஒன்பதாம் வகுப்பில் நடத்தியதுதான்.

காம்பவுண்ட் வில்லே வாங்கட்டும். 1960களில் ஹாலஸ் ஆலன் என்ற அமெரிக்கர் வில்லின் முனைகளில் கப்பி போன்ற சக்கரங்களை மாட்டிப் பார்த்தார். அதன் பலன், முழுதாக இழுத்த பிறகு பாரம் இறங்கிவிடும். 80 சதவீதம் இறங்கும் 50 பவுண்டு வில்லில் கையில் நிற்பது 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ. சேவல் மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, வாலை விரித்துத் திரும்பி நிற்கும்போதோ இழுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பழைய மாதிரி ரிகர்வ் வில் பார்க்க அழகு, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 45 பவுண்டு என்றால் 45 பவுண்டையும் பிடித்தே நிற்க வேண்டும். முதல் வருடம் வேண்டாம். கூடாரத்துக்குள் உட்கார்வதாக இருந்தால் வில் குட்டையாக இருக்க வேண்டும். சக்கரத்துக்குச் சக்கரம் 28 முதல் 32 அங்குலம் சரி.

கடையில் என்ன செய்வது? முக்காலி கேள். உட்கார். வில்லை நேரே முன்னால் நீட்டி, மேலே தூக்காமல், மெதுவாக இழு. ஒரு நிமிடம் பிடி. அம்பு நுனி நடுங்குகிறதா? அப்படியானால் பாரத்தைக் குறை. வான்கோழியின் உயிர்நிலை ஒரு கைப்பிடி அளவுதான். அது சிலிர்த்து உடம்பைப் பெரிதாகக் காட்டும்போது பாதி வெறும் இறகு. அங்கே நடுங்கும் 70ஐவிட நடுங்காத 45 மேல். நீளத்தையும் பார். இரண்டு கைகளையும் விரித்து அளந்து 2.5ஆல் வகு; 66 அங்குலம் என்றால் 26½ அங்குல இழுப்பு. ஆறடி ஆளுக்கு அமைத்து மாட்டியிருக்கும் வில்லை அப்படியே வாங்கி வந்தால் நாண் முழங்கையில் அடிக்கும்.

மகளுக்கு முதலில் எந்தக் கண் ஓங்கிய கண் என்று பார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான். வலது கைக்காரிக்கு இடது கண் ஓங்கியிருந்தால் வில்லையே மாற்ற வேண்டியிருக்கலாம். அவளுக்கு இழுவிசை கூட்டிக் குறைக்கும் வில் வாங்கு, வளர வளரத் திருகிக்கொள்ளலாம். குறைந்தபட்ச பாரம், அம்புமுனை அகலம் பற்றியெல்லாம் மாநில விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்.

70 பவுண்டு வில்லை ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, தம்பி. பெரும்பாலான வில்களில் திருகாணியைத் தளர்த்தினால் 60 வரை இறக்கலாம். அதற்கும் கீழே வேண்டுமானால் வில்லின் கைகளை மாற்ற வேண்டியிருக்கும். எதையும் நீயாகக் கழற்றாதே. கடைக்கே கொண்டுபோ.